மெல்லத் தெரியாத பிள்ளைக்கு மெல்ல மெல்லக் கற்பிப்போம்

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், நொறுங்கத் தின்னுதல் என்பது மனிதர் பிறக்கும்போதே அறிந்துவரும் வித்தையன்று. பாலை உறிஞ்சிக் குடிக்கும் ஆற்றலுடன் குழந்தை பிறக்கின்றது. மெல்லும் ஆற்றலையோ அது பின்னர்தான் கற்றுக்கொள்கின்றது. நடக்கப் பழகுவது போல, பேசப் பழகுவது போல, மெல்லுவதும் பழகி வரவேண்டிய ஒன்றாகும்.

சுகதேகிகளாய்ப் பிறந்த பிள்ளைகள் இதை எவரும் கற்பிக்காமலே கற்றுவிடுகிறார்கள். தாய் ஒரு வாழைப்பழத் துண்டைக் கையில் கொடுக்கிறாள். பிள்ளை சப்புகிறது, துப்புகிறது, மீண்டும் வாயில் வைக்கிறது. சில மாதங்களில் இடியப்பமும் புட்டும் தின்னத் தொடங்கிவிடுகிறது. ஆனால் எல்லா வீடுகளிலும் இப்படி நடப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் மூக்குக் குழாய் வழியாகப் பால் பெற்ற பிள்ளை, இருதயக் கோளாறுடன் பிறந்த பிள்ளை, அண்ணப்பிளவு உள்ள பிள்ளை, மூளைவாதத்தினால் தசைகள் இறுகிய பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை ஆகியோர் வாழும் வீடுகளில், மூன்று நான்கு வயதாகியும் அரைத்த கஞ்சியும் பாற்போத்தலுமே உணவாக இருப்பதுண்டு.

அவ்வீடுகளில் தாய்மார் படும் வேதனை கொஞ்சமன்று. "பழக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டாள்" என்று சிலர் தாயைக் குறை கூறுவர். "செல்லம் கூடிவிட்டது, இரண்டு நாள் பட்டினி போட்டால் தானே தின்னும்" என்று சிலர் புத்தி சொல்லுவர். பெற்றோரே, இவ்விரு பேச்சையும் ஒருபுறம் தள்ளிவையுங்கள். இது தாயின் குற்றமுமன்று, பிள்ளையின் பிடிவாதமுமன்று. கற்க வேண்டிய காலத்தில் கற்க முடியாமற் போன ஒரு பாடத்தைப் பிள்ளை இப்போது படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே. அந்தப் பாடத்தை வீட்டில் எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

மெல்லும் ஆற்றல் வளரும் விதம்

பிறந்த குழந்தையின் நாக்கு முன்னும் பின்னுமாகவே அசைகின்றது. வாயில் எதை வைத்தாலும் நாக்கு அதை வெளியே தள்ளிவிடும். இந்தத் தள்ளும் இயல்பு நான்கு மாதம் முதல் ஆறு மாதத்திற்குள் தணிகின்றது. ஆறு மாதமளவில் தாடை மேலும் கீழும் அசைந்து உணவை நசுக்கத் தொடங்குகின்றது. ஏழு மாதம் முதல் ஒன்பது மாதமளவில் நாக்கு பக்கவாட்டில் அசையப் பழகி, உணவை நடுவாயிலிருந்து கொடுப்புப் பக்கம் தள்ளுகின்றது. ஒரு வயதின் பின்னர், தாடை அம்மியில் குழவி சுழல்வது போல ஓரளவு சுழன்று அரைக்கத் தொடங்குகின்றது. இது முழுமையடைய மூன்று வயது வரை செல்லலாம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முதற் கொடுப்புப் பற்கள் முளைப்பது பெரும்பாலும் பதின்மூன்று மாதத்திற்குப் பின்னரே. ஆகவே, மெல்லப் பழகும் பிள்ளை முதலில் மெல்வது பல்லினாலன்று, முரசினால்தான். "பல் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருப்பது தவறு.

மெல்லக் கற்பதற்கு ஏற்ற ஒரு பருவம் உண்டு என்பதை இலிங்வேர்த், லிஸ்ரர் என்னும் இரு வைத்தியர்கள் 1964இல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினர். நசுக்கும் ஆற்றல் தோன்றும் மாதங்களில் கட்டியுணவு பெறாத பிள்ளை, பின்னர் அதை ஏற்க மறுக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது. நோயின் காரணமாக அப்பருவத்தை வைத்தியசாலையில் கழித்த பிள்ளைகளுக்கு நேர்வது இதுவே. ஆனால் காலம் கடந்துவிட்டதே என்று மனந்தளர வேண்டாம். அப்பருவத்தில் தானாக வருவது, பின்னர் படிப்படியாகக் கற்பித்தால் வரும். நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

குறைமாதப் பிள்ளையின் வயதைக் கணக்கிடும்போது, பிறந்த நாளிலிருந்தன்றி, பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை, எட்டு மாதத்தில் ஆறு மாதப் பிள்ளை செய்வதையே செய்யும். அதைப் பிந்தியதாகக் கொள்ளலாகாது.

தடை எங்கே இருக்கிறது?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தடை இருப்பதில்லை. தடையை அறியாமல் கற்பிக்கத் தொடங்குவது, பூட்டை அறியாமல் திறப்பைத் தேடுவது போன்றது.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். நாக்கு வெளியே தள்ளும். பற்களும் பிந்தியே முளைக்கும். மூளைவாதம் உள்ள பிள்ளைக்குத் தசைகள் இறுகித் தலை பின்னோக்கி வளையும். கரண்டி பல்லில் பட்டதும் வாய் இறுகக் கடித்துவிடும். அதைத் தன் விருப்பப்படி விடப் பிள்ளையால் முடியாது. இருதய நோயோ சுவாச நோயோ உள்ள பிள்ளைக்கு மெல்லத் தெரிந்தும் களைப்பு வந்துவிடும். நாலு வாய் உண்டதும் மூச்சு வாங்கும். குழாய் வழியாகப் பாலுண்ட பிள்ளைக்கோ அச்சமே பெருந்தடை. அதன் வாய்க்கும் மூக்குக்கும் இதுவரை வந்தவை குழாயும் பிளாஸ்ரரும் சளி உறிஞ்சும் கருவியுமே. ஆகவே, முகத்தருகே ஒரு கை வந்தாலே அது தலையைத் திருப்பிக் கொள்ளும்.

தளர்ந்த பிள்ளைக்குத் தாங்கலும், இறுகிய பிள்ளைக்குத் தளர்வும், களைத்த பிள்ளைக்கு ஓய்வும், அஞ்சிய பிள்ளைக்கு நம்பிக்கையும் முதலில் வேண்டும்.

தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள்

மெல்லுவது ஒன்று, விழுங்குவது இன்னொன்று. விழுங்கும் போது உணவு இரைக்குழாய்க்குள் செல்லாமல் சுவாசக் குழாய்க்குள் இறங்கினால், சுவாசப்பையில் கிருமி தொற்றி நியூமோனியா ஏற்படலாம். எனவே பின்வரும் அறிகுறிகளில் ஏதாவது இருந்தால், கட்டியுணவு பழக்குமுன் கட்டாயம் வைத்தியரைக் காணவேண்டும்:

உண்ணும் போதும் உண்டபின்னும் அடிக்கடி இருமுதல், உண்டபின் குரல் நீர் கலந்தாற்போல் கரகரத்தல், உண்ணும் போது கண் கலங்குதல், முகம் அல்லது உதடு நிறம் மாறுதல், மூச்சு வாங்குதல், காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வருதல், நிறை ஏறாதிருத்தல்.

சில பிள்ளைகளுக்கு உணவு வழிமாறிச் சென்றாலும் இருமல் வருவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆகவே, "இருமவில்லையே" என்று எண்ணி அடிக்கடி வரும் சளிக் காய்ச்சலை அசட்டை செய்யாதீர்கள். தேவையேற்படின், விழுங்கும் விதத்தை எக்ஸ்-கதிர்ப் படம் மூலம் பார்க்க வைத்தியர் ஒழுங்கு செய்வார்.

இதில் உதவ வல்லவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்ணுவதும் விழுங்குவதும் அவரது துறையே. நமது நாட்டில் ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இத்துறையினர் பயிற்றப்படுகின்றனர். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, பிள்ளை செல்லும் கிளினிக்கிலோ கேட்டால் எங்கே செல்லலாம் என்று கூறுவார்கள். போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும், பிள்ளை ஒரு நாளில் உண்ட உணவை எழுதிய தாளொன்றையும் கொண்டு செல்லுங்கள்.

முதற்பாடம்: இருக்கை

வாயைப் பழக்குமுன் உடலை இருத்த வேண்டும். ஆடும் கதிரையில் இருந்துகொண்டு எழுத முடியாதது போல, ஆடும் உடலோடு மெல்லவும் முடியாது.

பிள்ளை நிமிர்ந்து இருக்கட்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடிந்திருக்க, பாதங்கள் எதன்மீதாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகையோ மரப்பெட்டியோ வையுங்கள். சரிந்து விழும் பிள்ளைக்கு இருபுறமும் சுருட்டிய துவாய் வைத்து முட்டுக் கொடுங்கள். சுவரின் மூலையொன்றில் தலையணை வைத்து இருத்துவதும் நல்ல வழியே. தலை நேராக, நாடி சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். தலை பின்னால் சாய்ந்தால் தொண்டை திறந்து, உணவு வழிமாறிச் செல்ல இலகுவாகும். நீங்களே தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு ஒருமுறை எச்சில் விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

நமது வீடுகளில் பிள்ளையை மடியில் மலர்த்தி வைத்துச் சோறு தீத்தும் வழக்கம் உண்டு. மெல்லப் பழகும் பிள்ளைக்கு அது ஆகாது. தீத்துபவர் பிள்ளைக்கு எதிரே, பிள்ளையின் கண்மட்டத்தில் இருக்கவேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து தீத்தினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். தலை பின்னால் சாயும்.

இரண்டாம் பாடம்: வாய்க்கு நட்பு

அஞ்சிய வாய்க்கு உணவைக் காட்டுமுன் அன்பைக் காட்ட வேண்டும். உணவு வேளையல்லாத நேரத்தில், பிள்ளை மகிழ்வாக இருக்கும்போது, முதலில் கைகளைத் தடவுங்கள். பின் தோள், பின் கன்னம், அதன்பின் உதடு. பிள்ளை முகத்தைத் திருப்பினால் ஒரு படி இறங்குங்கள். கழுவிய விரலால் முரசின் வெளிப்புறத்தை நடுவிலிருந்து கொடுப்பை நோக்கி மெதுவாகத் தடவுங்கள். இறுகக் கடிக்கும் பிள்ளையாயின், விரலைப் பற்களுக்கிடையே விடாமல் கன்னத்தின் உட்புறமாக மட்டும் தடவுங்கள்.

பிள்ளை தன் கையையும், சுத்தமான றப்பர் விளையாட்டுப் பொருளையும் வாயில் வைத்துச் சப்ப விடுங்கள். சப்புவதும் கடிப்பதும் நாக்கைப் பக்கவாட்டில் அசைக்கும் முதற் பயிற்சிகள். சளி பிடிக்கும், அழுக்கு என்று கையை எப்போதும் தட்டிவிடுவது, பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் பறிப்பது போலாகும். கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

குழாய் வழியாக உணவு பெறும் பிள்ளையாயினும், வைத்தியர் அனுமதித்தால், குழாயில் பால் செல்லும் வேளையில் விரல் நுனியளவு சுவையை உதட்டில் தடவலாம். வாயும் வயிறும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதைப் பிள்ளை அப்போதுதான் அறியும்.

மூன்றாம் பாடம்: கரண்டி

ஆழமில்லாத தட்டையான சிறு கரண்டியே நல்லது. கரண்டியை நேராக உள்ளே கொண்டு சென்று நாக்கின் நடுவில் மெல்ல அழுத்துங்கள். இந்த அழுத்தம் நாக்கு வெளியே தள்ளுவதைத் தடுக்கும். பின்பு பொறுங்கள். மேலுதடு தானாகக் கீழிறங்கி உணவை எடுக்கட்டும். மேற்பல்லில் கரண்டியை உரசி உணவை வழித்துவிடுவது விரைவான வழிதான். ஆனால் அப்படித் தீத்தினால் உதடு தன் வேலையைக் கற்காது.

இறுகக் கடிக்கும் பிள்ளைக்கு உடையக்கூடிய பிளாஸ்ரிக் கரண்டி வேண்டவே வேண்டாம். கரண்டியைக் கடித்துவிட்டால் இழுக்காதீர்கள்; இழுத்தால் பிடி இன்னும் இறுகும். தலையைச் சற்று முன்னால் சாய்த்துப் பொறுமையாக இருங்கள். பிடி தானே தளரும்.

தாடை தளர்ந்து தொங்கும் பிள்ளைக்கு உங்கள் கை தாங்கலாகலாம். பெருவிரல் நாடியின் முன்புறத்திலும், நடுவிரல் நாடியின் கீழும், சுட்டுவிரல் தாடையின் பக்கத்திலும் இருக்கட்டும். இது தாங்குவதற்கு மட்டுமே. வாயை வலிந்து திறப்பதற்கோ மூடுவதற்கோ அன்று. இந்தப் பிடியைச் சிகிச்சையாளர் ஒருவர் நேரில் காட்டித் தருவது மிகவும் நன்று.

நான்காம் பாடம்: கொடுப்புப் பக்கம் வையுங்கள்

மெல்லும் பாடத்தின் இதயம் இதுவே. உணவை நாக்கின் நடுவில் வைத்தால் பிள்ளை அதை உறிஞ்சி விழுங்கவே முயலும். கொடுப்புப் பக்கம் வைத்தால்தான் நாக்கு அதைத் தேடிப் பக்கவாட்டில் அசையும், தாடை நசுக்கும்.

விரல் நீளத்திற்கு நறுக்கி நன்றாக அவித்த வத்தாளங்கிழங்கு அல்லது பூசணித் துண்டொன்றை எடுங்கள். ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிள்ளையின் வாயின் ஓரத்தால் கொடுப்புப் பற்களுக்கிடையே, பல் இல்லாவிடில் முரசுகளுக்கிடையே வையுங்கள். நாடியில் மெல்லத் தட்டிக் கொடுக்கலாம். பிள்ளை நசுக்கும். ஒரு வாய் வலப்புறம், அடுத்த வாய் இடப்புறம் என மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே பக்கத்தில் கொடுத்தால் அப்பக்கம் மட்டுமே பழகும்.

கட்டியை விழுங்கிவிடுவானோ என்று அச்சமாக இருக்கிறதா? சிகிச்சையாளரின் சம்மதத்துடன் இந்த வழியைப் பின்பற்றலாம். அவித்துக் கழுவிய மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு துண்டு பழுத்த பப்பாப்பழத்தையோ மாம்பழத்தையோ வைத்து இறுகச் சுற்றி, நீண்ட வாற்புறத்தை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு, மறுபுறத்தைக் கொடுப்பில் வையுங்கள். பிள்ளை மெல்ல மெல்லச் சாறு வரும். கட்டி துணிக்குள்ளேயே இருக்கும். துணி கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். துணியை ஒருபோதும் பிள்ளையின் கையில் விட்டுவிட்டு எழும்பாதீர்கள்.

நீங்களும் பிள்ளைக்கு எதிரே இருந்து, வாயை அகலமாக அசைத்து மென்று காட்டுங்கள். தம்பி தங்கைகள் தின்பதையும் அது பார்க்கட்டும்.

ஐந்தாம் பாடம்: உணவின் படிகள்

அரைத்த கஞ்சியிலிருந்து ஒரே நாளில் சோற்றுக்குத் தாவ முடியாது. இடையில் படிகள் உள்ளன.

முதற்படி: கட்டியில்லாத மசியல். ஆனால் தண்ணீராக ஓடாமல், கரண்டியில் குவியலாக நிற்கும் தடிப்பில் இருக்க வேண்டும். மெல்லிய கஞ்சி உறிஞ்சுவதற்குரியது. தடித்த மசியலே நாக்குக்கு வேலை கொடுப்பது.

இரண்டாம் படி: ஈரலிப்பான குறுணல். அரைக்கும் இயந்திரத்தை விட்டு முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். விழுங்கற் கோளாறுள்ளோரின் உணவுக்கென இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் சர்வதேச அளவுமுறையில், இப்படியில் சிறுவருக்குரிய குறுணலின் அகலம் 2 மில்லிமீற்றர். குழைத்த சோறும் பருப்பும் மசித்த கீரையும், முள் நீக்கி உதிர்த்த அவித்த மீனும் இதற்கு ஏற்றவை.

மூன்றாம் படி: மெதுமையான சிறு துண்டுகள். அதே அளவுமுறையில் சிறுவருக்கு 8 மில்லிமீற்றருக்கு மேற்படாத துண்டுகள். பதம் சரிதானா என்று அறிய, முள்ளுக்கரண்டியின் முதுகினால், உங்கள் பெருவிரல் நகம் வெளிறும் அளவுக்கு அழுத்திப் பாருங்கள். துண்டு நசிந்து, கரண்டியை எடுத்த பின்பும் பழைய உருவத்திற்குத் திரும்பாதிருந்தால் பதம் சரி.

இரண்டாம் மூன்றாம் படிகளுக்கிடையே கடித்தவுடன் எச்சிலில் கரையும் உணவுகள் துணைசெய்யும். மெல்லிய வேபர் விசுக்கோத்து போன்றவற்றில் ஒரு துண்டுக்குச் சில துளி நீர் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து அழுத்துங்கள். கரைந்து நசிந்தால் அது பயிற்சிக்கு உகந்தது.

இனி, நமது சமையலறையில் நாம் இலேசானவை என்று நினைக்கும் சில உணவுகளைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். பாண் மெதுமையாயிருந்தாலும் வாயில் பசைபோல் உருண்டு மேலண்ணத்தில் ஒட்டும், தொண்டையையும் அடைக்கும். உலர்ந்த புட்டு வாய்க்குள் சிதறும். மெல்லத் தெரியாத பிள்ளை அதை ஒன்றுசேர்க்க முடியாது இருமும். சொதியில் மிதக்கும் இடியப்பம் எல்லாவற்றிலும் கடினம். நீர் ஒருபுறம் ஓட, கட்டி இன்னொருபுறம் நிற்க, இரண்டையும் ஒரே நேரத்தில் ஆளப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. ஆகவே இடியப்பத்தைச் சிறிது தடித்த சொதியில் ஊறவைத்து, நீர் தனியே நிற்காதவாறு மசித்துக் கொடுங்கள். புட்டையும் பழத்தோடோ பாலோடோ நன்றாகக் குழைத்துக் கொடுங்கள்.

கச்சான், முழுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட், கடின இனிப்பு, பனங்கிழங்கு, பனாட்டு, முறுக்கு, விதையுள்ள நாவற்பழம் என்பன இப்பிள்ளைகளுக்கு ஆகாதவை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேனும் கொடுக்கலாகாது.

நேரமும் நிறையும்

பயிற்சி வேறு, பசி தீர்த்தல் வேறு. பிள்ளை மெல்லப் பழகும் காலத்தில் உடல் மெலிந்துவிடக் கூடாது. ஆகவே வேளை தொடங்கும்போது, பிள்ளை உற்சாகமாயிருக்கையில், மூன்று அல்லது நான்கு வாய் மட்டும் புதிய பதத்தில் கொடுங்கள். மிகுதி வயிற்றுக்கு வழமையான உணவைக் கொடுங்கள். சில நாட்களில் நான்கு வாய் ஆறாகும், ஆறு பத்தாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுவையும் பதமும் ஒரே நாளில் மாறினால் பிள்ளை மிரளும். புதிய உணவொன்றைப் பத்துப் பதினைந்து முறை காட்டிய பின்னரே சில பிள்ளைகள் ஏற்கும்.

ஒரு வேளை உணவு அரை மணித்தியாலத்திற்கு மேல் நீளக்கூடாது. அதற்கு மேல் பிள்ளை உண்பதிலும் களைப்பதே அதிகம். இருதய நோயுள்ள பிள்ளைக்குச் சிறிய வேளைகளாகப் பல முறை கொடுங்கள். கொஞ்ச உணவில் கூடிய சத்துச் சேர, தேங்காய்ப்பாலோ நெய்யோ ஒரு தேக்கரண்டி சேர்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். போத்தற்பாலை நாள் முழுவதும் கொடுத்தால் பசி எடுக்காது, இரும்புச்சத்தும் குறையும். மாதந்தோறும் நிறை பார்த்துப் பதிவேட்டில் குறியுங்கள். கோடு கீழ்நோக்கிச் சென்றால் பயிற்சியை நிறுத்தி ஆலோசனை பெறுங்கள்.

வலிப்பு வந்த பிள்ளைக்கு முழுமையாக விழிப்பு வரும்வரை எதையும் ஊட்டாதீர்கள். மருந்தினால் தூங்கி வழியும் வேளையும் பாடத்திற்கு உரியதன்று. உண்டபின் அரை மணித்தியாலமாவது நிமிர்த்தி வைத்திருங்கள். பற்களைக் காலை மாலை துலக்குங்கள். வாயிலுள்ள கிருமியும் எச்சிலோடு சுவாசப்பைக்குள் இறங்கக்கூடும்.

மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கச் செய்வதும், அழும் வாயில் கரண்டியைத் திணிப்பதும் ஒருபோதும் வேண்டாம். அழும்போது மூச்சு உள்ளிழுக்கப்படும். உணவும் அதனோடு செல்லும். அன்றியும், ஒரு நாள் வலிந்து கொடுத்த நாலு வாய்ச் சோறு, நாலு வாரம் கட்டிய நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

வீட்டார் அனைவருக்கும்

தாய் ஒருத்தி மட்டும் சுமக்கக் கூடிய பாடமன்று இது. தாய் ஒரு விதமாகவும், அம்மம்மா இன்னொரு விதமாகவும், அப்பாச்சி வேறொரு விதமாகவும் தீத்தினால் பிள்ளை குழம்பும். ஆகவே இருக்கை எப்படி, கரண்டி எப்படி, எந்தப் பதம் என்பதை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். தந்தையரே, நாளில் ஒரு வேளையாவது நீங்கள் தீத்துங்கள். மூன்று வேளையும் ஒரே கை தீத்தினால் அந்தக் கை களைக்கும். களைத்த கை அவசரப்படும்.

பிள்ளைக்குத் தனியே முதலில் கொடுத்துப் படுக்கவிட்டுப் பிறகு நாம் உண்போம் என்னும் வழக்கத்தை இயன்றவரை கைவிடுங்கள். ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்திருந்து உண்ணுங்கள். கைத்தொலைபேசியைக் காட்டி, பிள்ளை அறியாமலே வாய்க்குள் உணவை வைப்பதால் வயிறு நிரம்பலாம், பாடம் ஏறாது.

புரைக்கேறினால்

ஓங்காளிப்பதும் மூச்சடைப்பதும் ஒன்றல்ல. ஓங்காளிக்கும் பிள்ளைக்குச் சத்தம் வரும், முகம் சிவக்கும். அது பழகும் பிள்ளைக்கு இயல்பு. பலமாக இருமும் பிள்ளையை இருமவே விடுங்கள். இருமவோ அழவோ முடியாமல், சத்தமின்றி, நீலம் பாரித்தால் அது மூச்சடைப்பு. அப்போது:

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்டுங்கள். வெளிவராவிடில் மலர்த்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் முன்னால் குனியவைத்து முதுகில் 5 முறை தட்டி, பின் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். வெளிவரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தேடாதீர்கள். அது இன்னும் உள்ளே போகும். இன்னொருவர் 1990 இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கட்டும். பிள்ளை உணர்விழந்தால் உடனே இருதய, சுவாச முதலுதவியைத் தொடங்க வேண்டும். வீட்டில் ஒருவராவது இவற்றைப் பயிற்சி வகுப்பொன்றில் நேரிற் பழகிக் கொள்வது அவசியம்.

எல்லோரும் ஒரே படியை எட்டுவதில்லை

உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். சில பிள்ளைகள் சில மாதங்களில் சோறு தின்னப் பழகிவிடுவர். சிலர் குறுணற் பதத்தோடு நின்றுவிடுவர். இன்னும் சிலருக்கு, எவ்வளவு அன்போடு கற்பித்தாலும், வாயினால் உண்பது ஆபத்தாகவே இருக்கும். அவர்களுக்கு வயிற்றில் குழாய் பொருத்த வேண்டும் என்று வைத்தியர் கூறலாம். அப்படிக் கூறினால், "நான் தோற்றுவிட்டேன்" என்று எந்தத் தாயும் எண்ணலாகாது. சுவாசப்பை காக்கப்பட்டு, உடல் தேறி, சில பிள்ளைகள் அதன் பின்னர் வாயினாலும் கொஞ்சம் கொஞ்சமாக உண்ணத் தொடங்குவதுண்டு. பாடத்தின் நோக்கம் சோறு தின்பதன்று. பிள்ளை சுகமாக வாழ்வது.

முதல் நன்மை வாங்கும் வயதை அடைந்த பிள்ளையொன்று உலர்ந்த அப்பத்தை விழுங்க முடியாதிருந்தால், அதற்காக அப்பிள்ளையைப் பின்வரிசையில் விட்டுவிடாதீர்கள். மிகச் சிறிய துணிக்கையொன்றே போதும். அதுவும் இயலாவிடில், இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபைச் சட்டம் 925ஆம் இலக்கத்தில் இடமளித்துள்ளது. பங்குக் குருவிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. பிள்ளை உண்ணும்போது ஒருமுறை பக்கத்திலிருந்து கவனியுங்கள். பாதம் ஊன்றியிருக்கிறதா? தலை பின்னால் சாய்கிறதா? உண்டபின் குரல் எப்படி?

2. மூன்று நாட்களுக்குப் பிள்ளை உண்டவற்றையும், எடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள்.

3. மேலே கூறிய அபாய அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தால், பயிற்சியைத் தொடங்காமல் அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கூறுங்கள். நீலம் பாரித்தல், மூச்சு வாங்குதல், காய்ச்சல் ஆகியவற்றுக்குக் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

4. அறிகுறி எதுவும் இல்லாவிடின், இன்று தரும் மசியலை விடச் சற்றே தடித்த மசியலை, நாளுக்கு மூன்று வாய் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

மூன்று வாய் மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் நாளுக்கு மூன்று வாய் என்றால் மாதத்திற்குத் தொண்ணூறு முறை பிள்ளை பாடம் படிக்கின்றது. அவசரப்படாமல், ஆனால் ஒரு நாளும் தவறவிடாமல் கற்பியுங்கள்.